யார் போகச் சொன்னது?

நமக்கு ஆக வேண்டிய வேலையைப் பிறரிடம் ஒப்படைப்பது தவறா என்று கேட்டால், இல்லை என்றுதான் யாரும் சொல்வார்கள். தன் வேட்டியைத் தானே நெய்து, தன் நெல்லைத் தானே குத்தி, தன் பிள்ளைக்குத் தானே பாடமும் சொல்லிக் கொடுத்து வாழ்ந்தவர்கள் எந்தக் காலத்திலும் அபூர்வம். ஆனால் வேலையை ஒப்படைக்கும்போது, அதோடு சேர்த்துப் பொறுப்பையும் ஒப்படைத்துவிட முடியுமா? இந்தக் கேள்விக்கு அவ்வளவு சுலபமாகப் பதில் வருவதில்லை.

தாம்பரம் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு இந்த விஷயம் புதிதல்ல. இங்கே பல வீடுகளில் அடுப்பு எரிவதே பிறர் ஒப்படைத்த வேலையினால்தான். 1984-ல் சானடோரியத்தை அடுத்து ஏற்றுமதி மண்டலம் ஏற்பட்டது. 2000-ல் தரமணியில் டைடல் பூங்கா எழுந்தது. பழைய மகாபலிபுரம் சாலை நெடுகக் கம்பெனிகள் வந்தன. அமெரிக்காவில் பகலாயிருக்கும்போது இங்கே இரவு. சேலையூரிலும் மேடவாக்கத்திலும் பிள்ளைகள் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வேன் ஏறிப் போய், கண்காணாத பாங்கியின் கணக்கைப் பார்த்துவிட்டு விடியற்காலையில் திரும்புகிறார்கள். அந்தச் சம்பளத்தில் வீடு எழும்பியிருக்கிறது; தங்கைக்குக் கல்யாணம் நடந்திருக்கிறது. ஆகவே இந்த ஏற்பாட்டையே வாய்க்கு வந்தபடி வைவது நன்றி கெட்ட செயல்.

ஆனால் ஒரு நாள், "அந்த வேலை வேறு கம்பெனிக்குப் போய்விட்டது, நீ வர வேண்டாம்" என்று செய்தி வருகிறது. யார் முடிவு செய்தது? இங்குள்ள மானேஜர் அங்குள்ளவரைக் காட்டுகிறார். அங்குள்ளவருக்கோ நம் பையனின் பெயரே தெரியாது. பெற்றவர்கள் கொதித்துப்போகிறார்கள். கொதிப்பது நியாயமே.

அதே பெற்றவர்கள் கூடியிருந்த ஒரு கூட்டத்தை நான் பார்த்திருக்கிறேன். எங்கள் பக்கத்து அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில், காவல் வேலையை ஏஜென்சியிடம் விடுவது என்று தீர்மானமாயிற்று. காரணங்கள் சரியானவை. வாட்ச்மேனுக்குக் காய்ச்சல் வந்தால் கேட்டில் ஆள் இல்லை. ஏஜென்சியானால் மாற்று ஆள் வரும். பிராவிடண்ட் பண்டு முதலியவற்றை அவர்களே பார்த்துக்கொள்வார்கள். தீர்மானத்தை நானும் குறை சொல்லமாட்டேன்.

பதினொரு வருஷம் அந்த கேட்டில் உட்கார்ந்திருந்த பெரியவர், மாதக் கடைசியில் காரியதரிசியிடம் போனார். "ஏஜென்சியைக் கேளுங்கள்" என்றார் காரியதரிசி. ஏஜென்சிக்காரர், "வயசானவங்க வேண்டாம்னு அசோசியேஷன்லதான் சொன்னாங்க" என்றார். பெரியவர் என்னை வழியில் பார்த்து, "என்னை யார் போகச் சொன்னதுன்னு மட்டும் சொல்லுங்க ஸார், நான் போயிடறேன்" என்றார்.

பிறகு சிலர் பேசி, வருஷத்துக்கு ஒரு மாதச் சம்பளம் என்று கணக்குப் போட்டுக் கொடுக்கச் செய்தோம். பணத்தை வாங்கிக்கொண்டார். கேள்விக்குப் பதில் கிடைக்கவில்லை.

காண்டிராக்ட் முறையில் செலவு குறைகிறது என்கிறார்கள். குறையலாம். அதைவிடப் பெரிய ஆசை ஒன்று அதில் ஒளிந்திருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. ஒரு மனிதனை அனுப்பும்போது அவன் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை என்ற நிம்மதிதான் அது. முன்பு முதலாளி கொடியவனாக இருந்தாலும் அவன் வாசலில் நின்று நியாயம் கேட்கலாம். இப்போது எந்த வாசல் என்றே தெரியவில்லை.

சென்னை மாநகராட்சி 2000-ல் சில மண்டலங்களின் குப்பை அள்ளும் வேலையை ஓனிக்ஸ் கம்பெனியிடம் கொடுத்தது. 2007-ல் நீல் மெட்டல் பனால்கா வந்தது, 2012-ல் ராம்கி, 2020-ல் அடையாறு, பெருங்குடி, சோழிங்கநல்லூர் உள்ளிட்ட மண்டலங்களுக்கு அர்பேசர் சுமீத். பலகையில் பெயர் மாறிக்கொண்டே இருந்தது. தெரு அதே தெரு. பெருக்குகிறவளின் முதுகுவலியும் அதே வலி. அவளுடைய பழைய வருஷங்கள் யார் கணக்கில் சேரும்? 2025 ஆகஸ்டில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் துப்புரவுத் தொழிலாளர்கள், எங்களைத் தனியாரிடம் தள்ளாதீர்கள் என்று ரிப்பன் மாளிகை வாசலில் உட்கார்ந்தார்கள். 13-ஆம் தேதி இரவு அப்புறப்படுத்தப்படும்வரை அங்கேயே இருந்தார்கள். சம்பளக் கவலை அவர்களுக்கு இருந்தது. அதோடு, போய் நிற்பதற்கு ஒரு வாசல் வேண்டும் என்ற தவிப்பும் இருந்ததாகவே நான் நினைக்கிறேன்.

சட்டம் இதைக் கொஞ்சம் உணர்ந்திருக்கிறது. காண்டிராக்டர் கூலி கொடுக்காவிட்டால், வேலையை ஒப்படைத்த முதன்மை முதலாளியே கொடுக்க வேண்டும் என்று 1970-ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. 2025 நவம்பரில் அதன் இடத்துக்கு வந்த புதிய தொகுப்பிலும் அந்த விதி இருக்கிறது. ஆனால் காண்டிராக்ட் முறை தடை செய்யப்பட்டாலும், தொழிலாளி தானாகவே நிறுவனத்தின் ஊழியனாகிவிடமாட்டான் என்று 2001-ல் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. சட்டம் ஓர் எல்லையில் நிற்கும். மனச்சாட்சியும் அங்கேயே நின்றுவிட வேண்டுமா?

வள்ளுவர் 'தெரிந்து வினையாடல்' என்று ஓர் அதிகாரமே வைத்திருக்கிறார். தகுந்தவனை ஆராய்ந்து வேலையை அவனிடமே விட்டுவிடச் சொல்கிறார். ஆனால் அதிகாரத்தை முடிக்கும்போது, வேலை செய்கிறவனை அரசன் நாள்தோறும் கவனித்து வர வேண்டும் என்கிறார். வேலை கைமாறினாலும் கண் மாறக்கூடாது என்பதே இதற்குப் பொருள் என்று கொள்கிறேன்.

காலம் மாறும்போது ஏற்பாடுகளும் மாறத்தான் வேண்டும். வேலையைப் பிறரிடம் விடலாம்; திரும்ப எடுக்கலாம்; நிறுத்தவும் நிறுத்தலாம். ஆனால் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன், ஏற்கெனவே இருப்பவன் என்ன ஆவான் என்று ஒரு வரி அதில் எழுதியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அவனை அனுப்பித்தான் ஆக வேண்டுமென்றால், "இது எங்கள் முடிவு, காரணம் இது, உனக்குச் சேர வேண்டியது இவ்வளவு" என்று ஒருவர் எதிரே நின்று சொல்ல வேண்டும். கண்காணாத கம்பெனியிடம் நம் பிள்ளைக்காக நாம் எதிர்பார்க்கும் மரியாதை இவ்வளவுதான். நம் கேட்டில் இருப்பவருக்கு அதை நாம் ஏன் குறைக்க வேண்டும்?