அழியாததை எப்படி வீணடிப்பது?

ஆற்றலை ஆக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது என்று பள்ளியிலேயே படித்தாகிவிட்டது. அப்படியானால் கம்பெனிச் சுவரில் ‘மின்சாரத்தைச் சேமிப்போம்’ என்று எழுதிவைப்பது எதற்கு? அழியாத ஒன்றை யாரால் வீணடிக்க முடியும்?

கேட்டவர் ஓசூர் தேர்ப்பேட்டையில் எங்கள் தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். சந்திரசூடேஸ்வரர் மலைக்குப் படியேறிப் போவதும், அகப்பட்டவர்களுக்கு மெய்கண்டார் எழுதிய சிவஞான போதத்தின் 12 சூத்திரங்களை விளக்குவதும் அவருக்கு அன்றாடம். எங்கள் ஊரில் சித்தாந்தம் தமிழில் நடக்கும். காய்கறிப் பேரம் தெலுங்கில். அத்திப்பள்ளி பஸ்ஸில் சீட்டுக்கான சண்டை கன்னடத்தில். நான் சிப்காட்டில் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் மெயின்டனன்ஸ் பார்த்துக்கொண்டே, சனி ஞாயிறுகளில் ஆற்றல் பொறியியலில் எம்.டெக். படிக்கிறேன். அதனால் அகப்பட்டேன்.

“உங்க ஆளுங்க சொல்றதுக்கு அறுநூறு வருஷம் முன்னாடியே மெய்கண்டார் சொல்லிட்டாரும்மா” என்பார். உள்ளது இல்லாமல் போகாது, இல்லாதது தோன்றாது. உலகம் மாயையிலிருந்து விரிந்து மாயைக்குள்ளேயே ஒடுங்கும். சற்காரியவாதம். இதை வெப்ப இயக்கவியலின் முதல் விதியோடு முடிச்சுப் போடுவது எனக்குப் பிடிக்காது. 13ஆம் நூற்றாண்டு ஞானிக்கு நம்முடைய சான்றிதழ் எதற்கு? அதோடு, அந்தப் பொருத்தம் பார்ப்பவர்கள் முதல் விதியோடு நின்றுவிடுகிறார்கள். விவகாரமே இரண்டாவதில்தான் இருக்கிறது.

1824இல் சாடி கார்னோ நீராவி எஞ்சினைப் பற்றி எழுதும்போது அதைத் தொட்டார். 1865இல் கிளாசியஸ் என்ட்ரோபி என்று பெயரிட்டார். ஆற்றலின் அளவு அப்படியே இருக்கும், அதன் தரம் இறங்கிக்கொண்டே போகும். எங்கள் கம்ப்ரசர் அறையில் நின்றால் இது உடம்பிலேயே படும். உள்ளே போகும் மின்சாரத்தில் பெரும்பங்கு வெப்பமாக வெளியேறிவிடும். கடைசியில் வேலையாகக் கையில் கிடைப்பது பத்தில் ஒரு பங்கு இருந்தால் பெரிது. ஏழு பார் அழுத்தத்தில் ஓடும் பைப்பில் மூன்று மில்லிமீட்டர் ஓட்டை விழுந்தால் சுமார் மூன்று கிலோவாட் போய்விடும். போய்விடும் என்றால் எங்கே? எங்கும் இல்லை, ஷெட்டின் காற்றை லேசாகச் சூடாக்கிவிட்டு அங்கேயே கிடக்கிறது. அதைக் கூட்டி அள்ளி இன்னொரு நட்டை முறுக்கத்தான் வழியில்லை. அதைத் தர மேட்டூரில் எரிந்த கரியோ, 25 கோடி ஆண்டுகளுக்கும் முன் காடாக நின்றது.

ஐயாவுக்கு இதைச் சூத்திரம் போட்டு விளக்கிப் பார்த்தேன், ஏறவில்லை. கெலவரப்பள்ளி அணைதான் கைகொடுத்தது. நந்தி மலையில் பிறக்கும் ஆறு, பெங்களூரின் சாக்கடையையும் ஆலைக்கழிவையும் வாங்கிக்கொண்டு தென்பெண்ணையாக இங்கே வருகிறது. மழைக்காலத்தில் ஷட்டரைத் திறந்தால் நுரை மலைபோல் எழும்.

“தண்ணி ஏதாவது அழிஞ்சு போச்சா ஐயா?”

“இல்லை.”

“ஒரு டம்ளர் மொண்டு தரட்டுமா?”

அவர் அசரவில்லை. உடம்பு, கருவி, உலகம், அனுபவம் எல்லாமே மாயையிலிருந்து உயிருக்குக் கொடுக்கப்பட்டவை. ஆணவ இருளில் கிடக்கும் உயிருக்கு, விடியும்வரை கையில் தந்த விளக்கு என்று உமாபதி சிவம் சொல்கிறார் என்றார். சரி, என் விளக்குக்காக, பிறக்காத பிள்ளையின் எண்ணெயையும் நான் எரித்துவிட்டால்? அவரவர்க்கு அவரவர் வினைப்படிதான் போகம், ஒருவர் பங்கை மற்றவர் எடுக்க முடியாது என்றார். இந்தப் பதிலை என்னால் ஏற்க முடியவில்லை. ஆற்றோரத்துக் குழந்தைக்கு நுரைதான் விதித்தது என்றால், கழிவைத் திறந்துவிட்டவன் நிம்மதியாகத் தூங்கலாமே. “தூங்க முடியாதும்மா. அது வாங்கினது அதோட பிராரத்தம், பழைய வினை. இவன் கொடுத்தது இவனோட ஆகாமியம், புதுசா சேர்ற வினை.” நல்ல பதில். குற்றத்தை யார் கணக்கில் எழுதுவது என்பதைத் தீர்த்துவைக்கிறது. ஆற்றைச் சுத்தம் செய்வதில்லை.

சூரிய ஒளியை மட்டும் மனம் உறுத்தாமல் எடுக்கலாம் என்று நினைத்திருந்தேன். கரி காத்துக் கிடக்கும் பொருள். வெயில் அப்படியல்ல, நாம் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் சாயங்காலத்துக்குள் வெறும் சூடாகத் தேயப்போவது. வழியில் கைநீட்டி வாங்கினால் அது திருட்டில்லை. ஆனால் வாங்கும் கை சும்மா வருமா? பேனலுக்குச் சிலிக்கான், ஓசூரிலும் போச்சம்பள்ளியிலும் செய்யும் மின்சார ஸ்கூட்டர்களின் பேட்டரிக்கு லித்தியம், எல்லாமே எங்கோ தோண்டியவை. கிரானைட்டுக்காகக் குன்றுகளை அறுத்துப் பார்த்த கிருஷ்ணகிரிக்காரர்களுக்குத் தோண்டுவது என்றால் என்னவென்று சொல்லித்தர வேண்டியதில்லை.

அதனால் சோலாரை விட்டு, எம்.டெக். புராஜெக்டுக்கு வேறு தலைப்பு எடுத்தேன்: கம்ப்ரசர் வீணாக்கும் வெப்பத்தால், பாகங்களைக் கழுவும் தண்ணீரைச் சூடாக்குவது. இதில் புதுமை இல்லை என்பது என் வழிகாட்டியின் வருத்தம். ஐயாவின் சந்தேகம் வேறு.

“மிச்சமாகிற கரண்ட்ல கம்பெனி என்னம்மா பண்ணும்?”

இன்னொரு லைன் போடும். கரியைச் சிக்கனமாக எரித்தால் மொத்தத்தில் அதிகம்தான் எரிப்பார்கள் என்று இங்கிலாந்தின் ஜெவான்ஸ், கிளாசியஸ் என்ட்ரோபிக்குப் பெயர் வைத்த அதே 1865இல் எழுதினார். ஜெவான்ஸ் யாரென்று ஐயாவுக்குத் தெரியாது. அவருக்கு அது ஆணவம். இருட்டைப் போக்கத் தந்த விளக்கை வைத்துக்கொண்டு இருட்டையே வளர்க்கிறோம் என்பார்.

எங்கள் பாடத்தில் ஆணவத்துக்கு இடமில்லை. ஒவ்வொரு கணக்கிலும் தேவை என்பது முதல் வரியிலேயே கொடுத்துவிட்ட எண். அதை எப்படி நிறைவேற்றுவது என்பதுதான் கேள்வி. என் ரிப்போர்ட்டில் அந்த எண்ணைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கிறேன். வழிகாட்டி அடித்துவிடுவார் என்றுதான் நினைக்கிறேன்.