ஹுதைபிய்யாவிலிருந்து திரும்பியவர்கள்

பெண்ணுக்கு ஒரு சம்பந்தம் வருகிறது. சம்மதம் சொல்வதா, வேண்டாமா? மகனுக்கு வெளிநாட்டு விசா வந்திருக்கிறது. படுக்கையில் கிடக்கும் தாயை விட்டுப் போகலாமா? இப்படி வழி தெரியாத நேரங்களில் நம் வீடுகளில் என்ன நடக்கிறது? ஒருவர் பால்கிதாபு பார்க்க ஓடுகிறார். (அந்த ஏட்டை எழுதியவருக்கு நாளை நடப்பது தெரிந்திருந்தால் அவர் ஏன் ஏடு விற்கிறார் என்று யாரும் கேட்பதில்லை.) இன்னொருவர் இஸ்திகாராத் தொழுதுவிட்டுக் கனவுக்குக் காத்திருக்கிறார். கனவு வராவிட்டால், "அல்லாஹ் எனக்கு ஒன்றும் காட்டவில்லையே" என்று மனம் உடைந்து போகிறார்.

நம் ரப்பு யாவற்றையும் அறிந்தவன் என்று நாம் ஈமான் கொண்டிருக்கிறோம். ஆனால் அவன் அறிந்ததை நமக்கும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும் என்று எதிர்பார்க்கிறோமே, அங்கேதான் சறுக்குகிறோம். ஸஹாபாப் பெருமக்களுக்கே அப்படிச் சொல்லப்படவில்லை.

ஹிஜ்ரி 6-ம் ஆண்டு (கி.பி. 628) துல்கஃதா மாதம். தாம் கஅபாவுக்குச் செல்வதாக நாயகம் (ஸல்) அவர்கள் கனவு கண்டிருந்தார்கள். நபிமார்களின் கனவு வஹீ அல்லவா? சுமார் 1,400 ஸஹாபாக்கள் இஹ்ராம் அணிந்து, குர்பானிப் பிராணிகளை ஓட்டிக்கொண்டு உம்ராவுக்குப் புறப்பட்டார்கள். மக்காவை நெருங்கி ஹுதைபிய்யாவை அடைந்ததும் குறைஷிகள் வழியை மறித்தார்கள். முடிவில் ஒப்பந்தம் எழுதப்பட்டது. இவ்வாண்டு திரும்பிப் போக வேண்டும். அடுத்த ஆண்டு வந்து மூன்று நாள் தங்கலாம். மக்காவிலிருந்து முஸ்லிமாகி ஓடி வருபவரைத் திருப்பி அனுப்ப வேண்டும். மதீனாவிலிருந்து மக்காவுக்குப் போனவரை அவர்கள் திருப்பித் தர மாட்டார்கள்.

எழுதிக் கொண்டிருக்கும் போதே, குறைஷிகளின் தூதராக வந்த ஸுஹைலின் சொந்த மகன் அபூஜந்தல் (ரலி), காலில் விலங்குடன் தள்ளாடி வந்து முஸ்லிம்களிடையே விழுந்தார். தகப்பனோ விட்டுக் கொடுக்கவில்லை. பொறுமையாயிருக்கும்படியும் அல்லாஹ் விடுதலைக்கு வழி செய்வான் என்றும் ஆறுதல் கூறி, நாயகம் (ஸல்) அவர்கள் அவரைத் திருப்பி அனுப்பினார்கள். அந்தக் காட்சியைக் கண்ட மனங்கள் என்ன பாடுபட்டிருக்கும்!

உமர் (ரலி) அவர்களுக்குப் பொறுக்கவில்லை. கஅபாவுக்குப் போவோம் என்று தாங்கள் சொல்லவில்லையா என்று கேட்டே விட்டார்கள். இந்த ஆண்டே என்று சொன்னேனா என்பதே பதிலாக வந்தது. அன்று அப்படிப் பேசியதற்காகப் பிற்காலத்தில் தாம் எத்தனையோ நல்லமல்கள் செய்ததாக உமர் (ரலி) அவர்களே கூறியிருக்கிறார்கள். ஆகவே, வழி தெரியாமல் மனம் கலங்குவதால் ஈமான் போய்விடாது. நம் சகோதரிகள் பலர் இதை எண்ணி வீணாக அஞ்சுகிறார்கள்.

குர்பானி கொடுத்து முடி களையுங்கள் என்று கட்டளை வந்தது. ஒருவரும் எழவில்லை. மூன்று முறை சொல்லியும் எழவில்லை. அப்போது கூடாரத்திலிருந்த உம்மு ஸலமா (ரலி) அன்னையார் ஒரு யோசனை சொன்னார்கள்: யாரிடமும் பேசாமல் தாங்கள் வெளியே போய்த் தங்கள் பிராணியை அறுத்து, தலைமுடியைக் களைந்து கொள்ளுங்கள் என்று. அப்படியே செய்தார்கள். கண்டதும் எல்லோரும் எழுந்தார்கள். துக்கத்தில் கைகள் நடுங்க, ஒருவர் தலையை ஒருவர் காயப்படுத்தி விடுவாரோ என்னும்படி முடி களைந்தார்களாம். துக்கம் அப்படியே இருந்தது. விளக்கமும் கிடைக்கவில்லை. கண்முன் இருந்த கட்டளை மட்டும் தெளிவாக இருந்தது, அதைச் செய்தார்கள்.

திரும்பும் வழியில்தான் ஃபத்ஹ் ஸூரா இறங்கியது. மக்காவுக்குள்ளே ஈமானை மறைத்து வாழ்ந்த ஆண்களும் பெண்களும் இருந்தார்கள். போர் மூண்டிருந்தால், யாரென்று அறியாமலே முஸ்லிம்கள் அவர்களை மிதித்துக் கொன்றிருப்பார்கள். இதை அந்த ஸூரா எடுத்துக் காட்டியது. 1,400 பேரில் எவருக்குத் தெரியும், எந்த வீட்டின் இருட்டில் யார் ஸஜ்தாச் செய்கிறார் என்று? சமாதானக் காலத்தில் காலித் பின் வலீத், அம்ர் பின் ஆஸ் (ரலி) போன்றவர்கள் தாமாகவே இஸ்லாத்துக்கு வந்தார்கள். ஹிஜ்ரி 8-ல் 10,000 பேருடன் நாயகம் (ஸல்) அவர்கள் மக்காவுக்குள் நுழைந்தார்கள். அபூஜந்தல்? மக்காவிலிருந்து தப்பிக் கடற்கரையில் கூடியிருந்த அபூபஸீர் (ரலி) கூட்டத்தாரோடு அவரும் போய்ச் சேர்ந்தார். குறைஷிகளின் வியாபாரக் கூட்டங்களுக்கு அவர்களால் நிம்மதி போயிற்று. ஓடி வருபவரைத் திருப்பி அனுப்பும் நிபந்தனையே வேண்டாம், அவர்களைத் தாங்களே அழைத்துக் கொள்ளுங்கள் என்று குறைஷிகளே ஆளனுப்பிக் கெஞ்சினார்கள்.

இனி இஸ்திகாராவுக்கு வருவோம். குர்ஆன் ஸூராவைக் கற்றுத் தருவது போல் நாயகம் (ஸல்) அவர்கள் இதைத் தங்களுக்குக் கற்றுத் தந்ததாக ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். பர்ளு அல்லாத இரண்டு ரக்அத், பிறகு துஆ. அந்த அறிவிப்பில் கனவைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. இக்காரியம் நல்லதாயின் எளிதாக்கு, தீயதாயின் அதை என்னைவிட்டும் என்னை அதைவிட்டும் திருப்பு, நன்மை எங்கிருந்தாலும் அதை எனக்கு விதித்து, அதில் என்னைத் திருப்தியடையச் செய் என்றே அடியான் கேட்கிறான். ஆகவே தொழுதபின் மாப்பிள்ளையைப் பற்றி விசாரியுங்கள். அனுபவமுள்ளவரிடம் மஷ்வரா செய்யுங்கள். சரியென்று பட்டதில் இறங்குங்கள். கதவு அடைபட்டால் அதையும் துஆவின் பதிலாக எடுத்துக் கொள்ளுங்கள். காரியம் உடையவர் தாமே தொழுவது நல்லது. தொழ இயலாத நாட்களில் பெண்கள் துஆவை மட்டும் ஓதிக் கொள்ளலாம்.