உடலின் பாரமும் குடும்பத்தின் பாரமும்

ஒரு குடும்பத்தை மனதில் நிறுத்திப் பார்ப்போம். டிக்கோயாப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் லயத்துக் காம்பராவில் வாழும் குடும்பம். தாய் 35 ஆண்டுகள் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர். ஊழியர் சேமலாப நிதியும் சேவைக்காலப் பணமும் அண்மையில்தான் கைக்கு வந்தன. மகளுக்கு வயது 38. சில ஆண்டுகள் குவைத்தில் வீட்டுப் பணிப்பெண்ணாக உழைத்துத் திரும்பியவள். உடல் நிறை 115 கிலோ. நீரிழிவு உண்டு, இரத்த அழுத்தம் உண்டு. பாதையிலிருந்து லயத்துக்கு ஏறும் படிகளில் மூன்று இடத்தில் நின்று மூச்சு வாங்க வேண்டியிருக்கிறது.

இரைப்பையைச் சிறிதாக்கும் சத்திரசிகிச்சை செய்தால் நிறை குறையும், நீரிழிவும் தணியும் என்று வைத்தியர் சொல்லியிருக்கிறார். அரசாங்க வைத்தியசாலையில் செய்வதானால் முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். கொழும்பில் தனியார் வைத்தியசாலையில் செய்வதானால் பல இலட்சம் ரூபாய் வேண்டும். "எனக்கு எதுக்கு புள்ள காசு, நீ நல்லா இருந்தா போதும்" என்கிறார் தாய். "வாயைக் கட்டத் தெரியாதவளுக்கு ஆத்தாவோட காசைக் கொட்டணுமா?" என்கிறது பக்கத்துக் காம்பரா.

இக்குடும்பம் நாம் கற்பனையில் அமைத்தது. ஆயினும் இதில் எழும் கேள்வி கற்பனையல்ல. இப்பணத்தைச் செலவிடுவது சரியா? செலவிடாமல் இருப்பது சரியா? அதைத் தீர்மானிக்க வேண்டியவர் யார்?

நோயா, குற்றமா?

முதலில் பக்கத்துக் காம்பராவின் வாதத்தை எடுத்துக்கொள்வோம். அளவுக்கு மிஞ்சி உண்டவள் அதன் பலனை அனுபவிக்கட்டும் என்பதே அதன் சாரம். நம்மில் பலருடைய உள்ளத்திலும், வெளியே சொல்லாவிட்டாலும், இக்கருத்து குடியிருக்கிறது.

ஒல்லாந்து நாட்டில் 1944-45ஆம் ஆண்டின் பனிக்காலத்தில் ஜேர்மானியப் படையினரின் முற்றுகையால் கொடும் பஞ்சம் ஏற்பட்டது. அப்பஞ்ச காலத்தில் தாயின் வயிற்றிலிருந்த ஆண் குழந்தைகள் 19 வயதில் இராணுவச் சேவைக்கு அழைக்கப்பட்டபோது எடுத்த அளவுகளை ஆராய்ச்சியாளர் பின்னர் ஒப்பிட்டனர். 1976இல் வெளியான முடிவு பலரை வியக்க வைத்தது. கருவின் முற்பாதியில் பட்டினியை அறிந்தவர்களிடையே பிற்காலத்தில் உடற்பருமன் கூடுதலாகக் காணப்பட்டது. வயிற்றில் பட்டினி கிடந்த உடல், கிடைத்ததைச் சேர்த்து வைக்கக் கற்றுக்கொள்கிறது போலும்.

மலையகத்தாருக்கு இச்செய்தி தூரத்துக் கதையன்று. 1973-74ஆம் ஆண்டுகளில் நம் தோட்டங்களில் பஞ்சம் தாண்டவமாடியதை மூத்தோர் மறக்கவில்லை. 2016இல் நடந்த தேசியக் கணக்கெடுப்பிலும், தோட்டப்புறத்தில் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளுள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் வயதுக்கேற்ற உயரமின்றி இருந்தனர். நாடு முழுவதற்குமான அளவு இதில் பாதி போன்றதே. பசியில் வளர்ந்த உடல், பிற்பாடு கோதுமை மா ரொட்டியும் சீனி கலந்த தேநீருமாக வாழ்கிறது. மலையை விட்டு இறங்கினால் உடலுழைப்பும் குறைகிறது. இவ்வுடல் பருத்தால் அதைத் தனியொருத்தியின் போசனப்பிரியம் என்று சொல்லிவிட முடியுமா?

அவளிடம் கொஞ்சமும் பொறுப்பில்லை என்று நாம் சொல்லவில்லை. ஆனால், பொறுப்பைத் தேடித்தான் மருத்துவம் செய்வதென்றால், கசிப்புக் குடித்து ஈரல் கெட்டவனை வாட்டில் சேர்க்கலாமா? சுருட்டுப் புகைத்து நெஞ்சு கெட்டவனுக்கு மருந்து கொடுக்கலாமா? அவர்களை நாம் திருப்பி அனுப்புவதில்லையே! பருத்த உடலுக்கு மட்டும் ஏன் தனி நியாயத்தராசு?

அழகுக்காகவா?

இது அழகுக்குச் செய்யும் ஆடம்பரச் சிகிச்சை என்ற எண்ணமும் உண்டு. உண்மை வேறு. வழக்கமாகச் செய்யப்படும் முறையில் இரைப்பையின் ஐந்தில் நான்கு பங்கை வெட்டி நீக்கி, எஞ்சியதைக் குழாய் போல் அமைக்கிறார்கள். பசியைத் தூண்டும் சுரப்பும் அதனால் குறைகிறது. உயரத்தையும் நிறையையும் வைத்துக் கணிக்கும் உடற்றிணிவுச் சுட்டி 35க்கு மேற்பட்டவர்களுக்கும், நீரிழிவு போன்ற நோயிருப்பின் 30க்கு மேற்பட்டவர்களுக்கும் இதைச் செய்யலாம் என்று 2022இல் இத்துறைச் சத்திரசிகிச்சையாளரின் சர்வதேச அமைப்புகள் வகுத்தன. ஆசிய மக்களுக்கு எல்லை இன்னும் தாழ்வானது. சுவீடனில் 1987இல் தொடங்கிய ஆய்வு 4,047 பேரை நெடுங்காலம் பின்தொடர்ந்தது. சத்திரசிகிச்சை செய்துகொண்டவர்களிடையே மரணம் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைந்திருந்தது என்று 2007இல் அறிவிக்கப்பட்டது. ஆகவே இது மெய்யான மருத்துவமே. இதை நாடுகிறவள் வெட்கப்பட வேண்டியதில்லை.

அதே நேரத்தில், கத்தி வைத்ததோடு காரியம் முடிந்துவிடுவதுமில்லை. வாழ்நாள் முழுவதும் இரும்புச்சத்து, கல்சியம், விற்றமின் மாத்திரைகள் எடுக்க வேண்டும். உண்பது சிறிதளவே ஆகையால் அதில் முட்டை, மீன், பருப்பு முதன்மை பெற வேண்டும். இரத்தச்சோகை மலிந்த நம் பெண்களுக்கு இது சிறிய நிபந்தனையன்று. கொழும்புக்குப் போய்வரும் பயணச் செலவும், போகும் நாட்களில் இழக்கும் சம்பளமும் உண்டு. சிலருக்குச் சில ஆண்டுகளில் நிறை மீண்டும் ஏறுவதும் உண்டு. ஆகவே வைத்தியசாலை தரும் பற்றுச்சீட்டு செலவின் தொடக்கம் மாத்திரமே.

எவ்வளவு கடமை?

உயிரைக் காக்கக் கடமை உண்டு. ஆனால் எந்த விலை கொடுத்தும் காக்க வேண்டுமா? இக்கேள்வியைத் திருச்சபையின் அறநூலாசிரியர்கள் பல நூற்றாண்டுகளாக ஆராய்ந்து வந்திருக்கின்றனர். பாப்பரசர் 12ஆம் பத்திநாதர் 24.11.1957இல் மருத்துவர்களுக்கு ஆற்றிய உரையில் அதைத் தெளிவாக்கினார். சாதாரண வழிகளைக் கையாளவே மனிதன் கடமைப்பட்டவன். தனக்கோ பிறருக்கோ மிகப் பெரும் சுமையாகும் வழிகளைக் கையாளக் கடமையில்லை என்பது அவர் போதனை. எது சாதாரணம் என்பதும் ஆளுக்கும் இடத்துக்கும் காலத்துக்கும் ஏற்ப மாறும் என்றார். 1980இல் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் வெளியிட்ட அறிக்கையும், குடும்பத்தின்மேல் மிதமிஞ்சிய செலவைச் சுமத்த விரும்பாமல் ஒரு சிகிச்சையை விலக்குவது தற்கொலைக்கு ஒப்பாகாது என்று விளக்கியது.

"தனக்கோ பிறருக்கோ" என்பதில்தான் நம் கேள்வியின் முடிச்சு இருக்கிறது. கறுவாத்தோட்டத்துச் செல்வந்தருக்குச் சாதாரணமான செலவு, டிக்கோயாத் தொழிலாளிக்குச் சாதாரணமானதன்று. 2024 செப்டம்பரில் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. ஒரு கணக்குக்காகச் செலவைப் பத்து இலட்சம் என்று வைத்துக்கொள்வோம். அத்தொகை அந்தச் சம்பளத்தில் 740 நாள் உழைப்பு. மாதம் 25 நாள் பெயர் விழுந்தாலும், உண்ணாமல் உடுக்காமல் ஏறக்குறைய இரண்டரை ஆண்டுகள். மலையேறிக் கொழுந்து பறித்து, அட்டைக் கடியில் இரத்தம் சிந்திச் சேர்த்த பணம் அது.

யாருடைய பணம்?

மகள் குவைத்தில் உழைத்துச் சேமித்த சொந்தப் பணம் இருக்குமானால், வைத்தியர் அவசியம் என்று சொல்லியிருக்குமானால், பிந்திய பராமரிப்புக்கும் வழியிருக்குமானால், அவள் அதைச் செய்துகொள்ளட்டும். யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை. யாருடைய ஏளனத்துக்கும் அஞ்ச வேண்டியதில்லை.

பணம் தாயுடையதாக இருக்கும்போதுதான் சிக்கல். தாய் சம்மதித்துவிட்டாரே என்பீர்கள். தாய் எதற்குத்தான் சம்மதிக்கமாட்டார்? காதில் கிடப்பதைக் கழற்றித் தருவார். கடைசிச் சதத்தையும் தருவார். அத்தகைய சம்மதத்தைப் பெறுவது எளிது. ஆகவேதான் அதைப் பெறுகிறவளுக்குப் பொறுப்பு அதிகம். அம்மா சரி சொன்னாரா என்று கேட்டு நின்றுவிடாமல், நாளை அம்மா நோயில் விழுந்தால் மருந்துக்கு என்ன செய்வார் என்றும் மகள் கேட்க வேண்டும். தம்பியின் படிப்புக்கு ஒதுக்கிய பணமா என்றும் கேட்க வேண்டும். இதை மகள் கேட்பது அன்பு. அயலார் கேட்பது பெரும்பாலும் வம்பு.

வட்டிக்கு வாங்குவதைப் பற்றி ஒரே வார்த்தை: வேண்டாம். நுண்கடன் தவணைக்காக வாரந்தோறும் கதவைத் தட்டுகிறவர்களை நம் பெண்கள் அறிவார்கள். உடலின் பாரத்தை இறக்கப் போய், குடும்பம் முழுவதும் கடன் பாரத்தைத் தலையில் ஏற்றிக்கொள்ளலாகாது.

மலிவைத் தேடி அவசரப்படுவதிலும் ஆபத்துண்டு. 2024 ஏப்ரலில் சென்னைக்கு அருகே ஒரு தனியார் மருத்துவமனையில், நிறை குறைக்கும் சத்திரசிகிச்சைக்குச் சென்ற ஓர் இளைஞர் உயிரிழந்தார். அரசாங்க விசாரணையில் குறைபாடுகள் காணப்பட்டு, அம்மருத்துவமனையின் உரிமம் தற்காலிகமாக நிறுத்தப்பட்டது. தேர்ந்த கைகளில் இச்சிகிச்சையால் மரணம் நேர்வது அபூர்வம். எனினும் விலையை மட்டும் பார்த்து இடத்தைத் தெரிவு செய்வது தகாது.

காத்திருக்கச் சொல்லும் உரிமை

அப்படியானால் ஏழை காத்திருக்கட்டும், பணமுள்ளவன் பிழைத்துக்கொள்ளட்டும் என்பதா நம் முடிவு? காத்திருக்கும் காலத்திலேயே அவளுக்கு மாரடைப்பு வந்துவிட்டால்?

இதற்கு இனிப்பான பதில் இல்லை. அந்த ஆபத்து மெய்யானது. அதனால்தான் நாம் மகளுக்குச் சொல்ல வேண்டியதையும் நாட்டுக்குச் சொல்ல வேண்டியதையும் பிரித்துப் பார்க்கிறோம். தாயின் முதுமையைப் பறிக்க மனமின்றி மகள் காத்திருந்தால் அது தியாகம். ஆனால் அத்தியாகத்தைக் கேட்க நாட்டுக்கு உரிமையில்லை. இலவச வைத்தியம் நம் நாட்டின் பெருமை. ஆயினும் நாட்டின் மொத்தச் சுகாதாரச் செலவில் ஏறக்குறைய பாதி மக்களின் சட்டைப்பையிலிருந்தும் முந்தானை முடிச்சிலிருந்தும்தான் போகிறது. கிளங்கனில் இந்திய உதவியுடன் எழுந்த வைத்தியசாலை 2017 மே மாதத்தில் திறக்கப்பட்டபோது மலையகம் மகிழ்ந்தது. கட்டடம் எழுந்தது போல், கொழும்புக்கு அனுப்பப்படும் நோயாளியின் முறை விரைவாக வரவும் நம் பிரதிநிதிகள் குரலெழுப்ப வேண்டும். கூட்டங்களில் சம்பளத்தைப் பேசுகிறவர்கள், சம்பளம் முழுவதையும் விழுங்கும் நோயையும் பேசட்டும்.

இதற்கிடையில் செய்யத்தக்கவை சில உண்டு. முதலில் அரசாங்க கிளினிக்கில் பதிந்து, சிகிச்சைப் பட்டியலில் பெயரைச் சேர்க்க வேண்டும். பணம் கட்டுமுன் வேறொரு வைத்தியரின் கருத்தைக் கேட்க வேண்டும். பாரிய சத்திரசிகிச்சைகள் சிலவற்றுக்கு ஜனாதிபதி நிதியம் உதவுகிறது. 2025 முதல் அதற்குப் பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பிக்கலாம். சேமலாப நிதியில் 30 வீதம் வரை ஓய்வுக்கு முன்னரே வீடமைப்புக்கும் குறிப்பிட்ட மருத்துவத் தேவைகளுக்கும் பெற 2012ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் வழி செய்தது. இன்னும் தொழில் செய்கிறவர்கள் விசாரித்துப் பார்க்கலாம். காத்திருக்கும் காலத்தில் நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மருந்தைத் தவறாமல் எடுப்பதும் உயிர் காக்கும் வழியே.

நாம் கற்பனை செய்த அந்தத் தாயும் மகளும் ஒருநாள் அடுப்பங்கரையில் உட்கார்ந்து இக்கணக்கைப் பேசித் தீர்க்கட்டும். பாதிப் பணத்தைத் தாயின் பெயரில் வங்கியில் இட்டுவிட்டு மீதிக்கு வழி தேடுவார்களோ, முறை வரும்வரை காத்திருப்பார்களோ, அது அவர்கள் முடிவு. இரண்டில் எதைச் செய்தாலும் அவர்கள்மேல் பழி இல்லை. பக்கத்துக் காம்பராவில் இருக்கும் நமக்கும் ஒரு கடமை உண்டு. அடுத்த முறை அவள் படியில் மூச்சு வாங்கி நிற்கும்போது, சிரிக்காமல், அவள் கையிலுள்ள பையை வாங்கிக்கொண்டு கூட நடப்போம். அதற்குப் பணம் தேவையில்லை.