கண்ணின் வெள்ளையில் ஒரு சிவப்பு

நாயின் கண்ணில் வெள்ளை விழியை நாம் அதிகம் பார்ப்பதில்லை. நேராகப் பார்க்கும் நாயின் கண் முழுக்கக் கருவிழியாகத்தான் தெரியும். தலையைத் திருப்பாமல் ஓரக்கண்ணால் பார்க்கும்போதும், தரையில் தாடையை வைத்துப் படுத்தபடி நம் முகத்தை நிமிர்ந்து பார்க்கும்போதும்தான் ஓரத்தில் மெல்லிய வெள்ளைக் கீற்று வெளிவரும். எங்கள் சூசியின் இடது கண்ணில் அந்தக் கீற்றின் மேல்தான் புள்ளி இருந்தது. அரை அரிசி அளவு, அடர்ந்த சிவப்பு. கண்ணில் நீர் வடியவில்லை, பீளை இல்லை, முன்னங்காலால் தேய்க்கவும் இல்லை. அன்று சோற்றில் பாதியை மீதி வைத்தது, அவ்வளவுதான்.

கண்ணில் எதையாவது பார்த்ததும் வீட்டில் கை நீளும் இடம் மருந்துப் பெட்டி. யாருக்கோ கண்வலி வந்தபோது வாங்கிய சொட்டு மருந்து அதில் பாதி மிச்சம் இருக்கும். நாய் வளர்க்கும் ஒவ்வொருவரிடமும் நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்ளும் விஷயம் இது: அதை விடாதீர்கள். அந்தச் சொட்டுகளில் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது. கருவிழியில் கீறலோ புண்ணோ இருந்து அதன்மேல் ஸ்டீராய்டு விழுந்தால், புண் ஆறாமல் ஆழமாகிக் கண்ணே ஓட்டையாகிப் போகலாம். புண் இருக்கிறதா என்று வெறுங்கண்ணால் சொல்லிவிட முடியாது. மருத்துவர் ஃப்ளோரசின் என்ற ஆரஞ்சு நிறச் சாயத்தாளைக் கண்ணில் தொட்டுப் பார்ப்பார். புண் இருந்தால் அந்த இடம் மட்டும் பச்சையாக ஒளிரும். கண் மங்கலும் அப்படித்தான். ஏழெட்டு வயதுக்கு மேல் நாயின் கண்மணியில் படரும் நீலச்சாம்பல் மங்கல் முதுமையின் இயல்பு, அதனால் பார்வை பெரிதாகக் கெடுவதில்லை. அதே போலத் தோன்றும் கண்புரை பார்வையைப் பறிக்கும், சில சமயம் நீரிழிவின் அடையாளமாகவும் இருக்கும். இரண்டையும் வாசலில் நின்றபடி நாம் பிரித்தறிய முடியாது.

மருத்துவமனையில் இளம் மருத்துவர் கண்ணை விளக்கடித்துப் பார்த்தார். பிறகு அவர் கை போன இடத்தை நான் எதிர்பார்க்கவில்லை. மேலுதட்டைத் தூக்கினார். ஈறில் ஊசி குத்தியது போன்ற சிவப்புப் புள்ளிகள். மல்லாக்கப் புரட்டி அடிவயிற்றைக் காட்டினார். ரோமம் குறைந்த அந்தத் தோலிலும் அதே புள்ளிகள்.

“வீட்ல உண்ணி பாத்தீங்களாம்மா?”

“போன மாசம் காதுல ரெண்டு மூணு இருந்துச்சு டாக்டர். எடுத்துட்டோம்.”

“இது கண்ணு வியாதி இல்லம்மா. ரத்தம் எடுத்துப் பாத்துடலாம்.”

டெங்கு எட்டிப்பார்த்த வீடுகளுக்குத் தட்டணு எண்ணிக்கை என்றால் என்ன என்று சொல்லித் தர வேண்டாம். நாய்க்கும் அதே கணக்குதான். ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் 2 லட்சம் அளவிலாவது இருக்க வேண்டிய தட்டணு, வெகுவாகச் சரிந்தால் எங்கு வேண்டுமானாலும் இரத்தம் கசியும்: மூக்கில், ஈறில், தோலுக்கடியில், கண்ணுக்குள்ளே. கண்ணின் பின்திரையில் கசிந்தால் ஒரே இரவில் பார்வை போவதுண்டு. சூசிக்கு வெளியே வெள்ளையில் கசிந்ததால் எங்களுக்குத் தெரிந்தது.

சூசியின் தட்டணுவைச் சரிய வைத்தது, உண்ணிக் காய்ச்சல் என்று நாம் சொல்லும் நோய். இதற்குக் காரணம் எர்லிக்கியா கேனிஸ் என்ற நுண்ணுயிர். இரத்த வெள்ளையணுக்களுக்குள் புகுந்து வாழ்வது. 1935இல் அல்ஜீரியாவில் தோனாசியன், லெஸ்தொக்கார் என்ற இரு பிரெஞ்சு ஆய்வாளர்கள் உண்ணி மொய்த்த நாய்களில் இதை முதலில் கண்டு எழுதினார்கள். அன்று அல்ஜீரியாவும் எங்கள் புதுச்சேரியும் ஒரே பிரெஞ்சுக் கொடியின் கீழ் இருந்தன. சென்னையில் 1940களிலேயே இந்நோய் பதிவாகிவிட்டது. ஆனாலும் உலகம் திரும்பிப் பார்த்தது வியட்நாம் போரில்தான். 1960களின் பிற்பகுதியில் அமெரிக்க ராணுவத்தின் ஜெர்மன் ஷெப்பர்டு நாய்கள் மூக்கில் இரத்தம் ஒழுகி நூற்றுக்கணக்கில் செத்தன. புதுச்சேரிக் குடும்பங்கள் பலவற்றுக்குச் சைகோன் அந்நிய ஊரல்ல. தாத்தாக்கள் வேலை பார்த்த ஊர். அங்கே தெருவில் திரிந்த நாய்களும் இந்த நோயோடுதான் இருந்திருக்கும். ராணுவத்துக்கு நட்டம் வந்த பிறகே அதற்கு ஆய்வும் அக்கறையும் கிடைத்தன என்பதை எண்ணும்போது மனம் கனக்கிறது.

இந்த நோயைப் பரப்பும் உண்ணியின் வாழ்க்கையைப் புரிந்துகொண்டவர்கள் நாயை மட்டும் குளிப்பாட்டிவிட்டு நிம்மதியாக இருக்க மாட்டார்கள். குஞ்சு, இளம்பூச்சி, முதிர்ந்த உண்ணி என மூன்று பருவம். ஒவ்வொரு பருவத்திலும் நாயின் மேல் ஏறி இரத்தம் குடித்துவிட்டுக் கீழே விழும். விழுந்தது சுவரில் ஏறி இடுக்கில் ஒளியும். ஒரு பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டையிடும். முதிர்ந்த உண்ணி இரை இல்லாமலே ஓராண்டுக்கு மேலும் உயிரோடு கிடக்கும். புதுச்சேரியின் வைசியாள் வீதிப் பக்கம் போனால் தெரியும்: சுண்ணாம்புக் காரை பெயர்ந்த தடித்த சுவர், தேக்கு விட்டங்களுக்கு நடுவே செங்கல் அடுக்கிய மெட்ராஸ் தெராஸ் கூரை, தாழ்வாரம், முற்றம். நாம் பெருமையாகக் காட்டும் இந்த வீடுகளின் ஒவ்வொரு விரிசலும் உண்ணிக்கு வசதியான குடியிருப்பு. எங்கள் தாழ்வாரத்தில் கதவு நிலைக்கும் சுவருக்கும் இடையிலிருந்த பிளவில் டார்ச் அடித்தபோது, சாம்பல் நிறத்தில் உருண்டு திரண்ட ஒன்றும் அதைச் சுற்றிப் பொடிப்பொடியாகப் பலவும் தெரிந்தன. கையால் நசுக்கக் கூடாது. இடுக்கியால் எடுத்து ஸ்பிரிட்டில் போட வேண்டும்.

ஆனால் என்னை அதிகம் யோசிக்க வைத்த செய்தி வேறு. உண்ணி, நோயோடு முட்டையிலிருந்து பிறப்பதில்லை. தாய் உண்ணியிடமிருந்து குஞ்சுக்கு எர்லிக்கியா போவதில்லை. ஏதாவது ஒரு பருவத்தில் நோயுள்ள நாயைக் கடித்து, அதன் இரத்தத்திலிருந்துதான் அதை எடுத்துக்கொள்கிறது. ஆக, சூசியின் கண்ணில் வந்த சிவப்பு, நாங்கள் இருக்கும் முத்தியால்பேட்டையில் எங்கோ இன்னொரு நாயின் உடம்பில் இருந்த நோய். அந்த நாய்க்கும் கண்ணில் புள்ளி வந்திருக்கலாம். உதட்டைத் தூக்கிப் பார்க்க அதற்கு ஒருவரும் இல்லை.

தெருநாய்தான் காரணம் என்று எல்லோரும் சட்டெனச் சொன்னார்கள். இதன் மறுபக்கத்தை ஒருவரும் சொல்லவில்லை. இந்நோய்க்கு டாக்ஸிசைக்ளின் மாத்திரை 28 நாள் கொடுக்க வேண்டும். மூன்று நான்கு நாளில் நாய் எழுந்து சாப்பிட்டு விளையாடும். அதோடு மாத்திரையை நிறுத்திவிடும் வீடுகள் ஏராளம். அப்படி நிறுத்தினால் கிருமி வெளிக்குறி ஏதுமின்றி மாதக்கணக்கில், சில நேரம் ஆண்டுக்கணக்கில் உடம்பில் தங்கும். பிறகு எலும்பு மஜ்ஜையே செயலிழக்கும் நிலை வந்தால் மீட்பது மிகக் கடினம். அதற்குள் அந்த வீட்டு உண்ணி எத்தனை தெருநாய்க்குப் போயிருக்கும்? பட்டுமெத்தையில் படுக்கும் நாயும் தெருவுக்கு நோய் கொடுக்கும். மாத்திரையைச் சோற்றோடு கொடுத்துத் தண்ணீரும் குடிக்க வைக்க வேண்டும். வெறும் வாயில் போட்டால் உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கும். காய்ச்சலுக்கென்று நாம் விழுங்கும் ஆஸ்பிரினையோ இபுப்ரோஃபெனையோ கொடுத்தால் இரத்தக் கசிவு இன்னும் மோசமாகும்.

2025 ஆகஸ்ட் 11 அன்று டெல்லி வட்டாரத் தெருநாய்கள் அனைத்தையும் பிடித்துக் காப்பகங்களில் அடைக்கச் சொன்னது உச்ச நீதிமன்றம். ஆகஸ்ட் 22 அன்று அதைத் திருத்தி, கருத்தடையும் தடுப்பூசியும் செய்து பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்றது. வெறிநோய் கண்டவையும் மூர்க்கமானவையும் விலக்கு. கடிபட்ட குழந்தைகளின் பெற்றோருக்கு இருக்கும் கோபத்தை நான் குறைத்து மதிக்கவில்லை. ஆனால் நூற்றுக்கணக்கான நாய்களை ஒரே சுவருக்குள் நெருக்கி அடைத்தால், அந்தச் சுவர் இடுக்குகளில் என்ன நடக்கும் என்பதை உண்ணியைப் பார்த்தவர்கள் அறிவார்கள். புதுச்சேரியிலும் அந்தப் பேச்சு ஓயவில்லை. குருமாம்பேட்டில் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி ஆராய்ச்சி நிறுவனம் இருக்கும் ஊர் இது. மருத்துவம் எட்டாத ஊரல்ல நம்முடையது. தெருநாயை அந்த வாசல்வரை கொண்டுபோகும் மனிதர்கள்தான் குறைவு.

எங்கள் தெருவில் நான்கு நாய்கள். அவற்றுக்கும் உண்ணி மாத்திரை கொடுக்க முடிவு செய்தோம். பக்கத்து வீட்டில் பிரெஞ்சு ராணுவ ஓய்வூதியம் வாங்கும் பெரியவர் முதலில் கடிந்துகொண்டார்: “தெருநாய்க்கு மாத்திரை வாங்கிப் போட்டா நாளைக்கு ஊர் நாயெல்லாம் இங்கதாம்மா வரும்.” அவருடைய நாய்க்கும் இரத்தப் பரிசோதனை செய்த பிறகு அவரே பணம் கொடுத்தார். மருத்துவர் எடையைக் கணித்து எழுதிக்கொடுத்த உண்ணி மாத்திரையை மூன்று நாய்கள் ஈரலோடு சேர்த்து விழுங்கிவிட்டன. கறுப்புப் பெட்டை மட்டும் கறியைத் தின்றுவிட்டு மாத்திரையைத் துப்புகிறது. கிட்டே போனால் விலகி ஓடும். அதன் காது மடலில் உண்ணி கொத்தாக இருப்பது தூரத்திலிருந்தே தெரிகிறது. அது நம்பிப் பக்கத்தில் வருவது கறிக்கடைப் பையனிடம் மட்டும்தான். மாத்திரையை அவனிடம் கொடுத்து வைத்திருக்கிறோம்.