தோற்கும் உரிமை

சென்ற கோடை விடுமுறையில் 1876-ஆம் ஆண்டை மாற்றி எழுத உட்கார்ந்தேன். முழு ஆண்டையும் அல்ல. அமெரிக்காவின் ஒரு பேஸ்பால் சீசனை மட்டும். நடந்ததில் ஒரே ஒரு விஷயத்தை மாற்றிவிட்டு, அதன்பின் என்ன ஆகியிருக்கும் என்று எழுதிப் பார்ப்பதை மாற்று வரலாறு என்கிறார்கள். நான் மாற்ற நினைத்தது இதுதான்: ஆண்களின் தொழில்முறை அணி ஒன்றில், சம்பளத்துக்கு ஆட, ஒரு பெண்ணுக்கு இடம் கிடைத்திருந்தால்?

ஏன் அந்த ஆண்டு? ஒரு புகைப்படம்தான் காரணம். நியூயார்க் மாநிலத்தின் வாஸர் கல்லூரி 1865-இல் பெண்களுக்காகத் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டே மாணவிகள் அங்கே பேஸ்பால் ஆடத் தொடங்கிவிட்டார்கள். 1876-இல் ‘ரெசல்யூட்ஸ்’ என்ற பெயரில் ஆடிய மாணவிகளின் படம் இன்றும் இருக்கிறது. நீளப் பாவாடையும் தொப்பியுமாக நிற்கிறார்கள். அதே ஆண்டு பிப்ரவரி 2 அன்று நியூயார்க் நகரத்து ஹோட்டல் ஒன்றில் ஆண்கள் சிலர் கூடி நேஷனல் லீகைத் தொடங்கினார்கள். எட்டு அணிகள். இன்றைய மேஜர் லீக் பேஸ்பாலின் ஒரு பாதி அதுதான். கல்லூரிக்கும் அந்த ஹோட்டலுக்கும் இடையே ஏறத்தாழ 120 கிலோமீட்டர். ரயில் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் அந்த மைதானத்திலிருந்து இந்த அறைக்கு வழி இல்லை.

பெண்ணுடலால் முடியாது என்பதுதான் அன்றைய பதில். 1873-இல் எட்வர்ட் கிளார்க் என்ற மருத்துவர், அதிகம் படித்தாலே பெண்ணின் கருப்பை கெடும் என்று புத்தகம் எழுதிய காலம் அது. வாஸரில் ஆடும்போது ஒரு மாணவி விழுந்து காலில் அடிபட்டதும், ஆட்டத்தையே நிறுத்திவிடுவார்கள் என்று மற்றவர்கள் பயந்தார்கள். கல்லூரியின் பெண் மருத்துவர்தான் காப்பாற்றினார். நடனமாடும்போது விழுந்திருந்தால் நடனத்தையா தடைசெய்வார்கள் என்பது அவருடைய வாதம்.

அப்படி என்ன ஆட்டம் அது என்று விதிகளைத் தேடிப் படித்தேன். 1876-இல் பந்தெறிபவர் நின்றது 45 அடி தூரத்தில். கை இடுப்புக்குக் கீழே இருந்துதான் வர வேண்டும். பந்து மேலாக வர வேண்டுமா, தாழ்வாக வர வேண்டுமா என்று மட்டையாளரே கேட்டு வாங்கலாம். தோளுக்கு மேலே கையைச் சுழற்றி எறிய நேஷனல் லீக் அனுமதித்தது 1884-இல்தான். இன்றைய 60 அடி 6 அங்குலத் தூரம் வந்தது 1893-இல். அதாவது, பெண்களை வெளியே நிறுத்தியபோது இந்த விளையாட்டு இன்னும் உருவாகி முடியவே இல்லை. அதன் வேகமும் தூரமும் பெண்கள் இல்லாத மைதானத்தில், ஆண்களின் உடலுக்கு ஏற்பத் தீர்மானிக்கப்பட்டன. பிறகு அதையே காட்டி ‘உன்னால் முடியுமா?’ என்று கேட்கிறார்கள். வீட்டைக் கட்டி முடித்துவிட்டு, படி உனக்கு உயரமாக இருக்கிறதே என்று இரக்கப்படுவது போல.

இந்தக் கோபத்தோடு என் முதல் பிரதியை எழுதினேன். வாஸர் மாணவி ஒருத்தி சிகாகோ அணியில் சேர்கிறாள். அந்த ஆண்டு உண்மையில் கோப்பைக்குரிய அணி அதுதான். 52 வெற்றி, 14 தோல்வி. அதன் பந்தெறியாளர் ஆல்பர்ட் ஸ்பால்டிங் 47 ஆட்டங்களை வென்று கொடுத்தார். பின்னாளில் விளையாட்டுப் பொருள் வியாபாரத்தில் பெரும் பணக்காரர் ஆனார். 1911-இல் அவர் எழுதிய புத்தகத்தில், பெண்கள் டென்னிஸ் ஆடலாம், கிரிக்கெட்கூட ஆடலாம், பேஸ்பால் மட்டும் அவர்களுக்குக் கடினம், பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்து உற்சாகப்படுத்தட்டும் என்கிறார். அவருடைய இடத்தைத்தான் என் நாயகிக்குக் கொடுத்தேன். எல்லோரையும் வீழ்த்தினாள். ஒரு வாரம் எனக்குத் தூக்கமே இனித்தது.

பிறகு புள்ளிப்பட்டியலின் அடிப்பகுதியைப் பார்த்தேன். கடைசி அணி சின்சினாட்டி. 65 ஆட்டங்களில் 9 வெற்றி, 56 தோல்வி. அடுத்த ஆண்டும் அந்த ஊர் அணிதான் கடைசி. ஆனாலும் அந்த ஆண்கள் தொழில்முறை ஆட்டக்காரர்கள்தான். சம்பளம் வாங்கினார்கள், அவர்கள் பெயர்கள் இன்றும் பதிவேட்டில் உள்ளன. 56 முறை தோற்றதால் ஆண்களுக்கு இந்த விளையாட்டு ஒத்துவராது என்று யாரும் புத்தகம் எழுதவில்லை.

அப்போதுதான் என் பிரதி எனக்கே உறுத்தியது. ஆண் உள்ளே வரச் சுமாராக ஆடினால் போதும். என் நாயகி உள்ளே வர, கற்பனையில்கூட, ஸ்பால்டிங்கை விஞ்ச வேண்டியிருந்தது. கதவில் நின்ற காவல்காரனை நான் அகற்றவில்லை. அவன் கேட்ட விலையைக் கொடுத்து ஒருத்தியை உள்ளே அனுப்பியிருக்கிறேன்.

சின்ன வயதில் அண்ணனும் அவன் நண்பர்களும் தெருவில் கிரிக்கெட் ஆடும்போது என்னையும் சேர்த்துக்கொள்வார்கள், ‘ஒப்புக்குச் சப்பாணி’யாக. உடல் குறையைக் கேலிசெய்யும் அந்தச் சொல்லை இன்று நான் யாரிடமும் சொல்ல மாட்டேன். ஆனால் அதன் பொருள் எனக்கு நன்றாகத் தெரியும். நான் அவுட் ஆனால் அவுட் இல்லை. அன்று அதைச் சலுகை என்று நினைத்து மகிழ்ந்தேன். நான் எடுத்த ரன்னும் கணக்கில் சேராது என்பது பிறகுதான் புரிந்தது. தோல்வி கணக்கில் வராதவளுக்கு ஆட்டத்திலும் இடமில்லை.

எனவே இரண்டாம் பிரதியில் அவளைச் சின்சினாட்டிக்கு அனுப்பினேன். சுமாராக ஆடுகிறாள். பந்தைத் தவறவிடுகிறாள். பெரும்பாலோர் வெறுங்கையால் பந்தைப் பிடித்த காலம் என்பதால் விரல் வீங்குகிறது. படித்துவிட்டுத் தோழி கோபப்பட்டாள். “ஏன்டி, நிஜத்தில்தான் நம்மை உள்ளேயே விடவில்லை. கற்பனையிலாவது ஜெயிக்க வைக்கக் கூடாதா?”

நியாயமான கேள்வி. ஏமாற்றப்பட்டவர்களுக்குக் கற்பனையில் கிடைக்கும் வெற்றியும் ஒருவகை ஆறுதல்தானே? நான் மறுக்கவில்லை. ஆனால் உரிமையும் பரிசும் வேறுவேறு. சிறந்தவளுக்கு மட்டும் கிடைப்பது பரிசு. சாதாரணமானவளுக்கும் கிடைத்தால்தான் அதற்கு உரிமை என்று பெயர். ‘திறமை இருந்தால் யாராலும் தடுக்க முடியாது’ என்று நம்மிடம் சொல்லிச் சொல்லி வளர்த்தார்கள். அந்த வாக்கியத்தைத் திருப்பிப் போட்டால், தடுக்கப்பட்ட அத்தனை பேருக்கும் திறமை இல்லை என்று வரும். என் முதல் பிரதி அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது.

தோழி விடவில்லை. “தொழில்முறை விளையாட்டு என்றாலே திறமைதானே? சுமாராக ஆடுவதற்கு உரிமை கேட்பது வேடிக்கையாக இல்லையா?” திறமையைப் பார்த்து ஆளை எடுப்பதில் தவறில்லை. அளவுகோல் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதுதான் கேள்வி. ஆணுக்குச் சின்சினாட்டி, பெண்ணுக்குச் சிகாகோ என்று இரண்டு கோல் வைத்திருப்பதுதான் அநீதி. அதோடு, தோற்றுத் தோற்றுத்தான் ஆட்டம் கைக்கு வரும். தோற்க இடம் தராமல் திறமையை எங்கே காட்டச் சொல்வது?

உண்மையில் அசாதாரணமாக ஆடியவளுக்கு என்ன கிடைத்தது? 1931 ஏப்ரல் 2 அன்று டென்னஸியின் சாட்டனூகா நகரில், ஜாக்கி மிட்செல் என்ற 17 வயதுப் பெண் நியூயார்க் யாங்கீஸ் அணிக்கு எதிரான காட்சிப் போட்டியில் பந்தெறிந்தார். பேப் ரூத், லூ கெரிக் என்ற இரண்டு ஜாம்பவான்களையும் அடுத்தடுத்து ஆட்டமிழக்கச் செய்தார். அது நாடகமா நிஜமா என்று இன்றும் விவாதிக்கிறார்கள். 1952-இல் எலினர் எங்கிள் என்ற பெண்ணை பென்சில்வேனியாவின் ஹாரிஸ்பர்க் அணி ஒப்பந்தம் செய்தது. சில நாட்களிலேயே அந்த ஒப்பந்தம் செல்லாது என்று சொல்லி, இனி பெண்களை ஒப்பந்தம் செய்யக் கூடாது என்றும் தடை போட்டார்கள். அவர் ஒரு பந்தைக்கூடச் சந்திக்கவில்லை. வென்றவளை நம்பவில்லை; மற்றவளைத் தோற்கவே விடவில்லை. இரண்டில் எது பெரிய அவமானம் என்று எனக்குத் தெரியவில்லை.

இரண்டாவது உறுத்தல் அந்தப் புகைப்படத்திலிருந்து வந்தது. ரெசல்யூட்ஸ் பெண்கள் உண்மையிலேயே ஆடியவர்கள். அவர்களில் ஒருத்தியைப் பிடுங்கி ஆண்கள் லீகில் நட்டதன் மூலம், அவர்கள் ஆடியது ஆட்டமே அல்ல, ஆண்களோடு ஆடினால்தான் வரலாறு என்று நானும் சொல்லிவிட்டேனோ? கூலி இல்லாமல், கூட்டம் இல்லாமல், தங்களுக்காக ஆடியதில் ஒரு சுதந்திரம் இருந்திருக்கும். கூட்டத்துக்கு முன் ஆடிய பெண்களின் கதை வேறு. 1875-இல் இல்லினாய் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டில், பொன்னிறக் கூந்தல் அணி, கருங்கூந்தல் அணி என்று பெண்களைப் பிரித்து, நுழைவுக் கட்டணம் வாங்கி ஆடவிட்டார்கள். அங்கே விற்றது ஆட்டத்தை அல்ல, கூந்தலை. ஆனாலும் வெளியே நிறுத்தப்பட்டதையே விடுதலை என்று கொண்டாட என்னால் முடியவில்லை. மூடிய கதவுக்கு வெளியே பெண்கள் கோலம் போட்டிருக்கலாம். அதற்காகக் கதவை மூடியது சரியாகிவிடாது. கோலத்தையும் பதிவுசெய்ய வேண்டும், கதவையும் கேள்வி கேட்க வேண்டும்.

மூன்றாவது உறுத்தல்தான் மிகப் பெரியது. மாற்று வரலாற்றில் ஒன்றை மாற்றுகிறோம் என்றால், மற்றதையெல்லாம் அப்படியே விடுகிறோம் என்று பொருள். நான் எதை அப்படியே விட்டேன்? 1867-இலேயே அமெரிக்க பேஸ்பால் சங்கம், கறுப்பின ஆட்டக்காரர் ஒருவர் இருந்தாலும் அந்தக் கிளப்பைச் சேர்ப்பதில்லை என்று முடிவெடுத்திருந்தது. என் நாயகி படித்த வாஸரிலும் இதே நிலைதான். அங்கே பட்டம் பெற்ற முதல் கறுப்பினப் பெண் அனிதா ஹெமிங்ஸ், ஆண்டு 1897. தான் கறுப்பினத்தவள் என்பதை மறைத்துத்தான் அவரால் படிக்க முடிந்தது. என் சின்சினாட்டிப் பெண்ணின் அழுக்குச் சீருடையைத் துவைத்தது யார் என்று இரண்டு பிரதிகளிலும் நான் யோசிக்கவே இல்லை.

நான் கற்பனை செய்ததற்கு நெருக்கமான ஒன்று பின்னாளில் உண்மையிலேயே நடந்தது. 1943-இல், போர்க்காலத்தில், பிலிப் ரிக்லி என்ற சூயிங் கம் முதலாளி பெண்களுக்கென்று தொழில்முறை லீக் தொடங்கினார். 1954 வரை, 12 சீசன்களில், 600-க்கும் மேற்பட்ட பெண்கள் சம்பளம் வாங்கி ஆடினார்கள். குட்டைப் பாவாடையோடு மண்ணில் சறுக்கித் தொடை உரிந்தார்கள். ஒப்பனை வகுப்புக்கும் போனார்கள். அந்த 12 ஆண்டுகளில் ஒரு கறுப்பினப் பெண்ணையும் அந்த லீக் ஒப்பந்தம் செய்யவில்லை. 1947-லேயே ஜாக்கி ராபின்சன் ஆண்கள் லீகின் நிறத்தடையை உடைத்த பிறகும் இந்த நிலை மாறவில்லை. தேர்வுக்குப் போன மேமி ஜான்சனைத் திருப்பி அனுப்பினார்கள். அவரும் டோனி ஸ்டோனும் கோனி மோர்கனும் ஆடியது கறுப்பின ஆண்களோடு, நீக்ரோ லீகின் இண்டியானாபொலிஸ் கிளவுன்ஸ் அணியில். பெண்களின் கனவு நனவானபோதும் சில பெண்கள் வாசலிலேயே நின்றார்கள்.

அதனால் இப்போது எனக்குத் தோன்றுவது இது. நடக்காத சீசனை எழுதுவது தப்பித்தல் அல்ல. நமக்கு நாமே வைத்துக்கொள்ளும் சோதனை அது. எதை மாற்ற ஆசைப்படுகிறோம் என்பது நம் கோபத்தைக் காட்டுகிறது. எதை மாற்ற மறந்தோம் என்பது, எந்த அநீதி நமக்குப் பழகிவிட்டது என்பதைக் காட்டுகிறது. வகுப்பில் மாணவிகளுக்கு இதைப் பயிற்சியாகக் கொடுக்கலாம். உங்களுக்குப் பிடித்த ஒரு துறையில் ஒரே ஒரு விஷயத்தை மாற்றி எழுதுங்கள்; எழுதி முடித்ததும், அந்தக் கதையில் பெயரில்லாமல் யார் யார் வேலை செய்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

என் மூன்றாம் பிரதி இன்னும் முடியவில்லை. அதில் சின்சினாட்டி அணியில் இரண்டு பெண்கள் இருக்கிறார்கள். ஒருத்தி வாஸரில் படித்தவள். மற்றவள் அந்த ஊரிலேயே சலவை வேலை செய்தவள், கறுப்பினப் பெண். ஒருவரையொருவர் அவ்வளவாகப் பிடிக்காது. செப்டம்பர் மாதம், அணி ஐம்பதாவது ஆட்டத்தில் தோற்றுக்கொண்டிருக்கிறது. இருவரும் அடுத்தடுத்து ஆட்டமிழக்கிறார்கள். மாடத்தில் யாரும் வியக்கவில்லை, யாரும் கேலி செய்யவும் இல்லை. கணக்கெழுதுபவர் இரண்டு பெயர்களையும் எழுதி, பக்கத்தில் ‘அவுட்’ என்று குறித்துக்கொண்டு அடுத்த ஆளைக் கூப்பிடுகிறார்.