கருவியும் உடைமையும்: மடிக்கணினி பற்றிய ஓர் அறவியல் நோக்கு

மடிக்கணினி ஒன்றைப் பெற எண்ணும் மாணவன் இன்று இரு வழிகளுள் ஒன்றைத் தெரிவு செய்யலாம். தொழிற்சாலையிலேயே முற்றாகப் பூட்டி முடிக்கப்பெற்ற பொறியை வாங்குவது ஒன்று. உறுப்புக்களைப் பெற்றுத் தானே பூட்டிக்கொள்வது மற்றொன்று. மேசைக்கணினியைப் பொறுத்தவரை இரண்டாவது வழி பல தசாப்தங்களாக வழக்கிலுள்ளது. மடிக்கணினிக்கு அது அண்மைக் காலத்திலேயே ஓரளவு வாய்த்தது. அமெரிக்காவின் பிரேம்வேர்க் நிறுவனம் 2021 ஆம் ஆண்டில் வெளியிட்ட மடிக்கணினியை, நினைவகமும் சேமிப்பகமும் பொருத்தப்படாத நிலையில் வாங்க முடிந்தது. அவற்றைப் பொருத்துவதற்கான திருப்புளியும் பெட்டிக்குள்ளேயே வந்தது. பேர்லினில் உருவான எம்.என்.ரி. றிபோம் என்னும் கணினியோ இதனினும் ஒருபடி மேற்சென்று, தன் மின்சுற்று வரைபடங்களையே யாவரும் காண வெளியிட்டது. விலை, வேகம், எடை என்பவற்றை ஒப்பிட்டு ஒன்றைத் தெரிவது வணிகக் கணக்கு. அக்கணக்கில் அடங்காத வினா ஒன்றும் இங்குண்டு. ஒரு கருவியை எம்முடையது என்று நாம் எப்போது சொல்லலாம்?

தானே பூட்டியவன் இதற்கு விரைந்து விடை கூறுவான்: 'இது நான் ஆக்கியது; ஆகவே என்னுடையது.' இவ்விடையை அப்படியே ஏற்பதற்கில்லை. அவன் செய்தது யாது? நினைவகத் தகடுகளை உரிய பள்ளத்தில் அழுத்தினான். சேமிப்பகத்தை ஒரு திருகாணியால் இறுக்கினான். பணிசெயல் முறைமையை நிறுவினான். ஏறக்குறைய ஒரு மணி நேர வேலை. தாய்வான் முதலிய நாடுகளின் ஆலைகளில் நுண்சுற்றுக்களைப் பொறித்தவர்களும், பற்றரிக்குரிய கோபால்ட்டைக் கொங்கோவின் சுரங்கங்களில் தோண்டியவர்களும் அந்த ஒரு மணி நேரத்துள் எங்கே போயினர்? 1844 ஆம் ஆண்டுக் கையெழுத்துப் பிரதிகளில் மார்க்ஸ் அந்நியமாதல் பற்றிப் பேசியபோது, தான் ஆக்கிய பொருளே தனக்கு அந்நியமாக எதிர்நிற்கக் காணும் தொழிலாளியையே கருதினார். நுகர்வோன் ஒருவன் தன் மேசையில் நாலு திருகாணிகளை முடுக்குவதால் அத்தொழிலாளியின் நிலை மாறிவிடுவதில்லை. எமது நண்பர் சிலர் இவ்விடயத்தில் தம்மை உற்பத்தியாளராகவே பாவனை செய்து பேசக் கேட்கையில் நகைப்பே தோன்றுகின்றது.

அவன் பெற்றது ஆக்கியோனின் உரிமை அன்று என்பது தெளிவு. ஆயினும் வேறொன்றை அவன் பெறுகின்றான். அது பொறுப்பு. முடிந்த பொருளை வாங்குவோன் பொருளோடு உத்தரவாதப் பத்திரம் ஒன்றையும் பெறுகின்றான். பழுது நேரின் அது எனது கவலையன்று, அவர்களது கவலை என்பதே அப்பத்திரத்தின் உட்பொருள். கவலையைக் காசு கொடுத்து மற்றொருவனிடம் ஒப்படைத்தல் இழிவான செயலன்று. ஆனால் கவலையோடு கூடவே கேள்வி கேட்கும் தகுதியும் கைமாறி விடுகின்றது. தானே பூட்டியவனுக்கு இவ்வாறு ஒப்படைக்க ஆளில்லை. பொறி எழும்பாவிடின் தான் செய்தவற்றை ஒவ்வொன்றாக மீள எண்ணிப் பார்க்கவேண்டியவன் அவனே. வேலை செய்யும் வரை சுத்தியல் கண்ணிற் படுவதில்லை, உடைந்தபோதே அது பொருளாக எம்முன் நிற்கின்றது என்னும் கருத்துப்பட ஹைடெகர் 1927 இல் எழுதினார். உடைந்து நிற்கும் அக்கணத்தில் ஒருவன் அப்பொருளை நோக்கி என்ன செய்யக்கூடியவனாக இருக்கின்றான் என்பதிலேயே உடைமையின் தரம் வெளிப்படுகின்றது என்பது எமது துணிபு.

இதற்கு எதிராக வலிய வாதம் ஒன்றுண்டு. பேருந்தின் இயந்திரத்தை அறியாமலே அதில் ஏறுகின்றோம். மருந்தின் இரசாயனத்தை அறியாமலே அதை விழுங்குகின்றோம். அறியாதவற்றின்மீது நம்பிக்கை வையாமல் நாகரிக வாழ்வு ஒருநாளும் நடவாது. எல்லாவற்றையும் திறந்து பார்த்தே ஏற்பேன் என்பவன் ஈற்றில் எதையும் பயன்படுத்தான். மறுக்கமுடியாத வாதம். ஆயினும் நம்பிக்கை வேறு, கதியற்ற நிலை வேறு. எமது சக மாணவன் ஒருவனின் மடிக்கணினி ஒருநாள் இயங்காது போயிற்று. திருத்துமிடத்தில் தாய்ப்பலகை பழுது என்றனர்; அதை மாற்றுவதற்குக் கேட்ட தொகை அவனுடைய புலமைப்பரிசிற் பணத்தின் பல மாதத்துக்குச் சமம். விடுதியில் மற்றொருவன் அதன் கீழ்மூடியைத் திறந்து, நினைவகத்தைக் கழற்றி, அதன் தொடுமுனைகளைத் துடைத்து மீளப் பொருத்தினான். கணினி எழும்பிற்று. இதில் எம்மை உறுத்துவது பணமன்று. அந்த மாணவன் ஏமாற்றப்பட்டானா, அன்றித் திருத்துவோர் நேர்மையாகவே பிழைவிட்டனரா என்பதைக்கூட அவனால் அறியமுடியவில்லை. பிறன்மீது குற்றஞ் சாட்டவோ, அவனை மன்னிக்கவோ கூட ஓரளவு அறிவு வேண்டியிருக்கின்றது.

பூட்டுதல் என்ற எமது சொல்லை இங்குச் சற்று நினைக்கலாம். உறுப்புக்களை இணைப்பதும் பூட்டுதல். கதவை அடைத்துத் திறவாதபடி செய்வதும் பூட்டுதல். மடிக்கணினித் தொழில் இவ்விரண்டையும் ஒன்றாக்கி விட்டது. 2012 இல் அப்பிள் நிறுவனம் வெளியிட்ட றெற்றினா மக்புக் புறோ கணினியில் நினைவகம் தாய்ப்பலகையோடு பற்றவைக்கப்பட்டிருந்தது. பற்றரி பசையால் ஒட்டப்பட்டிருந்தது. பிற நிறுவனங்கள் பலவும் இவ்வழியைப் பின்பற்றின. மெல்லிய உருவமும் நீடித்த மின்சேமிப்பும் இதனாற் கிட்டின என்பதை மறைத்தல் நேர்மையாகாது. பழுதுபார்க்கும் உரிமையைத் தன் கொடியாக ஏந்திய பிரேம்வேர்க் நிறுவனமே 2025 இல் அறிவித்த மேசைக்கணினியில், வேகத்தின் பொருட்டு நினைவகத்தைப் பற்றவைக்க வேண்டியதாயிற்று. எனவே மூடிய பொருள் யாவும் சூழ்ச்சி எனல் மிகை. எதன் பொருட்டு மூடப்பட்டது என்பதை வாங்குவோனுக்குச் சொல்லவேண்டும் என்பதே நியாயமான கோரிக்கை. 2021 சனவரி முதல் பிரான்சில் மடிக்கணினி உட்பட்ட சில பொருள்களுக்கு, எவ்வளவு எளிதிற் பழுதுபார்க்கலாம் என்பதைப் பத்துக்கு இத்தனை புள்ளி என விற்பனையிடத்திற் காட்டுதல் கட்டாயமாக்கப்பட்டது. இத்தகைய ஏற்பாடு தனிமனிதனின் திறமையைவிட முக்கியமானது என்றே நாம் கருதுகின்றோம். ஏனெனில் திருப்புளி பிடிக்கத் தெரியாதவனையும் அது காக்கின்றது.

தன்கையே தனக்குதவி என்பதைப் போற்றுவோர் எம்மிடையே பலர். அவர்கள் ஒன்றை மனங்கொள்ளல் வேண்டும். பொருளாதாரத் தடையும் மின்சாரமின்மையும் நிலவிய 1990 களின் யாழ்ப்பாணத்தில், துவிச்சக்கர வண்டியின் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டனர். சிறிதளவு பெற்றோலைக் கொண்டு இயந்திரத்தை எழுப்பி, மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிளை ஓட்டினர். அத்திறமை வியப்புக்குரியது. ஆனால் அதை அவர்கள் தெரிவு செய்யவில்லை. வேறு வழியற்றவனின் கைத்திறனையும், வசதியுள்ளவன் பொழுதுபோக்காகத் தன் கணினியைப் பூட்டுவதையும் சுதந்திரம் என்ற ஒரே சொல்லால் அழைப்பது எமக்கு உடன்பாடன்று. 2022 இல் ஒரு டொலரின் விலை சில மாதங்களுள் ஏறக்குறைய 200 ரூபாவிலிருந்து 360 ரூபா அளவுக்கு உயர்ந்தபோது, பழைய கணினியை மேலும் ஈராண்டு இழுத்துச் சென்றோருள் எத்தனை பேர் அதைக் கொள்கையாக ஏற்றுச் செய்தனர்?

பிரேம்வேர்க்கும் றிபோமும் எமது மாணவருட் பெரும்பாலோர்க்கு எட்டாக்கனிகள். இங்கு நடைமுறையில் உள்ள வழி வேறு: பாவித்த மடிக்கணினி ஒன்றை வாங்கி, அதன் வன்தட்டைக் கழற்றித் திண்மநிலைச் சேமிப்பகத்தை இடுதல், நினைவகத்தைக் கூட்டுதல், களைத்த பற்றரியை மாற்றுதல். முழுதாகப் பூட்டியதுமன்று, முழுதாக வாங்கியதுமன்று. இதற்கும் நேரம் வேண்டும். பகுதிநேர வேலை செய்து படிப்பவனுக்கு அந்நேரம் வாய்ப்பதில்லை. அவன் கடையில் முடிந்த பொருளை வாங்கின் அவனைக் குறைகூற எமக்கு உரிமையில்லை. முன்னர்க் குறித்த சக மாணவன் இப்போது தன் கணினியைத் தானே திறக்கின்றான். கீழ்மூடியில் ஒரு திருகாணி குறைகின்றது. அது எங்கே போயிற்று என்பது அவனுக்கும் தெரியாது.