மினுக்கின் கூலி

சென்ற ஆண்டு ஒரு கைவினைச் சந்தையில், என் மேசையிலிருந்த கண்ணாடி மணி ஒன்றை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்த ஒரு பெண் விலை கேட்டார். 150 ரூபாய் என்றேன். “வீட்ல உக்காந்து செய்யறதுதானே, இதுக்கு இவ்ளோவா?” என்றார். ஆண் பட்டறையில் செய்தால் தொழில், பெண் அடுக்களைக்குப் பின்னால் செய்தால் பொழுதுபோக்கா என்று அவரிடம் ஒரு சொற்பொழிவே ஆற்றிவிட்டேன். அவர் வாங்காமல் போய்விட்டார். நான் சொன்னதில் பிழை ஏதும் இல்லை. அதைச் சொல்லும் தகுதி எனக்கு இருந்ததா என்ற கேள்விதான் என்னை இதை எழுத வைக்கிறது.

ஈக்காட்டுத்தாங்கலில், கிண்டி தொழிற்பேட்டைக்கு நடந்துபோகும் தூரத்தில் எங்கள் வீடு. பின்பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த இடத்தில் புகைபோக்க ஒரு ஃபேன் வைத்து, கேஸும் ஆக்சிஜனும் கலந்து எரியும் சிறிய பர்னர் ஒன்றைப் பொருத்தியிருக்கிறேன். களிமண் பூசிக் காயவைத்த ஸ்டீல் கம்பியில், சுடரில் உருகும் கண்ணாடியைச் சுற்றினால் மணி. நான் அதிகம் செய்வது மினுக்குக் கண்ணாடியில். அதில் ஒன்று கோல்ட்ஸ்டோன். பெயரில் கல் இருந்தாலும் அது கண்ணாடிதான். செம்பு கலந்த கண்ணாடியை ஆக்சிஜன் குறைவான சூளையில் உருக்கி, மிக மெதுவாக ஆறவிட்டால், செம்பு நுண்ணிய படிகங்களாகப் பிரிந்து நிற்கும். மினுங்குவது அந்தப் படிகங்கள். இத்தாலியில் இதற்கு ‘தற்செயல்’ என்ற பொருளிலிருந்து பிறந்த அவெஞ்சுரின் என்ற பெயர் உண்டு. முரானோ தீவில் யாரோ கைதவறிச் செம்புத்தூளைக் கொட்டியதால் இது பிறந்தது என்று கதை சொல்வார்கள்.

என் மேசையில் எதுவும் தற்செயலாக நடப்பதில்லை. சுடர் நேராகப் பட்டால் கோல்ட்ஸ்டோன் கருகி மண்நிறமாகிவிடும். டைக்ரோயிக் கண்ணாடியும் அப்படித்தான். அதன்மேல் வெற்றிடத்தில் படியவைத்த உலோக ஆக்சைடு அடுக்குகள், தீ தொட்டதும் சாம்பல் பூத்துப் போகும். எனவே சுடரின் ஓரத்தில் வைத்து இழைத்து, உடனே தெளிந்த கண்ணாடியால் மூட வேண்டும். ஒரு மணிக்கு 20 நிமிடம். பிறகு 500 டிகிரியை ஒட்டிய சூட்டில் மின்சூளைக்குள் வைத்து இரவெல்லாம் மெல்ல ஆறவிட வேண்டும். அவசரமாக ஆறினால் உள்ளே இறுக்கம் தங்கிவிடும். அது இன்றும் விரிசல் விடலாம், பத்து நாள் கழித்தும் விடலாம்.

இத்துடன் என் வேலை முடிகிறது. மணியின் வேலை முடியவில்லை. துளைக்குள் ஒட்டிய களிமண்ணை, தூசு நெஞ்சுக்குள் போகாதபடி தண்ணீரில் அமிழ்த்திப் பிடித்து, மெல்லிய அரத்தால் ராவி எடுக்க வேண்டும். கழுவித் துடைத்து, தரம் பிரித்து, கோக்க வேண்டும். அதைச் செய்பவர் எதிர்வீட்டு அக்கா. முன்பு எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை பார்த்தார். மாமியார் படுக்கையில் விழுந்ததும் நின்றுவிட்டார். மணிக்கு மூன்று ரூபாய் என்று நான்தான் சொன்னேன். எந்தக் கணக்கில் அந்த மூன்று வந்தது? கணக்கே இல்லை. “வேணாம்” என்று அவர் சொல்லாத தொகை, அவ்வளவுதான்.

ஒருநாள் அவர் கழுவி வைத்த கோல்ட்ஸ்டோன் மணிகளில் நான்கு விரிசல் விட்டிருந்தன. “பாத்து ராவக்கூடாதாக்கா?” என்றேன். “சரிம்மா, கழிச்சுக்கோ” என்றார். கழித்துக்கொண்டேன். அடுத்த வாரம், அதே சூளையில் ஆறி, யார் கையும் படாமல் என் அலமாரியில் கிடந்த மணிகளும் விரிசல் விட்டன. அப்போதுதான் நினைவு வந்தது, அன்று நள்ளிரவில் மின்சாரம் போய் சூளை அணைந்திருந்தது. ஓடிப்போய்ச் சொன்னேன். “காச விடும்மா. என் கைதான் கனம்னு நானும் நெனச்சுட்டேன்” என்றார். பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். தன் கையைப் பற்றி ஒரு வாரம் அவர் நினைத்திருந்ததை என்னால் திருப்பி எடுக்க முடியவில்லை.

அன்றிரவு கணக்குப் போட்டேன். ஒரு மணி நேரத்தில் நான் மூன்று மணிகள் செய்வேன். விற்றால் 450 ரூபாய். கண்ணாடி, கேஸ், மின்சாரம், அக்காவின் கூலி எல்லாம் போக எனக்கு 290 நிற்கும். அதே ஒரு மணி நேரத்தில் அவர் 15 மணிகளைச் சுத்தம் செய்கிறார். அவருக்கு 45.

எனக்கு மூன்று சமாதானங்கள் இருந்தன. முதலாவது, திறமை. தீக்காயங்களோடு இரண்டு வருடம் கற்றேன். ஆகவே வித்தியாசம் இருக்கலாம். ஆனால் ஆறு மடங்குக்கு மேலா? இரண்டாவது, நஷ்டம் என்னுடையது. அந்த நான்கு மணிகளோடு இது உடைந்தது. நஷ்டம் வந்த முதல் நாளே அதை அவர்மேல் போட்டவள் நான். மூன்றாவது, அவர் சம்மதித்தார். மாமியாரை விட்டு வாசல் தாண்ட முடியாதவர் வேறு எதற்குச் சம்மதிப்பார்? மறுக்க வழியில்லாத இடத்தில் கிடைக்கும் சம்மதம், விலை நியாயமானது என்பதற்குச் சான்றாகாது.

இது என் தெருவோடு முடிகிற கதை இல்லை. வெனிஸில் மணி கோத்த பெண்களுக்கு ‘இம்பிராரெஸ்ஸே’ என்று பெயர். வாசற்படியில் உட்கார்ந்து, கைநிறையக் கம்பிகளால் மணிகளை அள்ளிக் கோத்து, உலகெங்கும் போன சரங்களுக்குச் சொற்பக் கூலி வாங்கியவர்கள். உத்தரப்பிரதேசத்தின் பிரோசாபாத்தில் கண்ணாடி வளையல்களின் முனைகளைச் சுடரில் காட்டி ஒட்டும் வேலை இன்றும் வீடுகளுக்குள், துண்டுக்கூலிக்கு நடக்கிறது. வீட்டிலிருந்து செய்யும் வேலையும் வேலைதான் என்று சொல்லும் 177ஆம் உடன்படிக்கையை சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1996இல் நிறைவேற்றியது. அகமதாபாத்தின் சேவா பெண்கள் அதற்காகப் போராடியவர்கள். இந்தியா இன்னும் அதை ஏற்று உறுதிசெய்யவில்லை. அரசைக் குறைசொல்வது எனக்கு எளிது. ஆனால் என் வீட்டு வாசலில் முதலாளி நான்தான். சந்தையில் அந்தப் பெண் என்னிடம் கேட்ட கேள்வியை, ஒரு வார்த்தைகூடப் பேசாமல், அக்காவிடம் நான் தினமும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இப்போது மணிக்கணக்கில் கூலி, ஒரு மணி நேரத்துக்கு 100 ரூபாய். உடைந்தால் கழிப்பதில்லை. விலையை 160 ஆக்கினேன். கொஞ்சம் குறைவாக விற்கிறது. இது சமம் ஆகிவிடவில்லை என்று எனக்குத் தெரியும்.

நேரத்தைக் குறிக்க அவருக்கு ஒரு நோட்டு கொடுத்திருந்தேன். முதல் வாரம் பார்த்தபோது, மூன்று மணி நேரம் உட்கார்ந்த நாளில் இரண்டு என்று எழுதியிருந்தார். ஏன் என்று கேட்டேன். “நடுவுல அத்தைக்குக் கஞ்சி குடுத்து, துணி மாத்துனேன்ல? அத கழிச்சுட்டேன்” என்றார்.

என் 20 நிமிடக் கணக்கில் நான் டீ குடித்த நேரமும் இருக்கிறது. அதை நான் ஒருநாளும் கழித்ததில்லை.